நூலுக்கு வரி போட்ட கோயமுத்தூர்க்காரர்: சண்முகம் செட்டியாரைப் பற்றிப் பேத்திக்கு என்ன சொல்ல?

பீளமேட்டு அப்புச்சி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. பேத்தி பதினொன்றாம் வகுப்பு, வணிகவியல் படிக்கிறாள். பள்ளியில் பேச்சுப் போட்டி வைத்திருக்கிறார்கள். இந்தியப் பொருளாதார வல்லுநர் ஒருவரின் வாழ்க்கையையும் பொதுப்பணியையும் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். வகுப்பில் பாதிப்பேர் மன்மோகன் சிங்கைப் பிடித்துக்கொண்டார்கள், மீதிப்பேர் அமர்த்தியா சென். இவளுக்கு வேறு ஆள் வேண்டும். "நம்ம ஊர்க்காரரே ஒருத்தர் இருக்கார் கண்ணு, சுதந்திர இந்தியாவோட முதல் நிதியமைச்சரே அவர்தான்" என்றேன். "சும்மா அளக்காதீங்க அப்புச்சி" என்கிறாள்.

அவளைச் சொல்லி என்ன. ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1892ல் கோயமுத்தூரில் பிறந்தார், 1947ல் முதல் பட்ஜெட் போட்டார், 1953ல் காலமானார் என்ற மூன்று வரிக்கு மேல் எனக்கே தெரியாது. விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். குறை இருந்தால் அதையும் சேர்த்தே எழுதுங்கள். பாதியை மறைத்தால் இந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

கணியூர்க் காத்து:
அது சி. சுப்பிரமணியம் இல்லைங்களா? பொள்ளாச்சிப் பக்கம்?

கோன் கணக்கு:
இல்லை தம்பி. சி.எஸ். நிதியமைச்சர் ஆனது 1974ல். அதற்கு முன்னாடி உணவு, வேளாண்மைத் துறையில் இருந்து பசுமைப் புரட்சிக்கு வழி பண்ணியவர். இரண்டு பேருமே பழைய கோயமுத்தூர் ஜில்லா என்பதால் இந்தக் குழப்பம் வழக்கமாக வருவதுதான்.

அப்புச்சி, நான் முப்பத்தொரு வருஷம் ஒரு நூற்பாலையில் கணக்கெழுதியவன். அதனால் அந்த முதல் பட்ஜெட்டை ஒரு கணக்குப்பிள்ளை கண்ணால்தான் பார்ப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேதி 1947 நவம்பர் 26. முழு வருஷத்துக்கான பட்ஜெட் இல்லை. ஆகஸ்ட் 15லிருந்து மறு வருஷம் மார்ச் 31 வரை, ஏழரை மாதத்துக்கு. வரவு 171.15 கோடி. செலவு 197.39 கோடி. அந்தச் செலவில் ராணுவத்துக்கு மட்டும் 92.74 கோடி, ஏறக்குறையச் சரிபாதி. பிரிவினை முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருக்கிறது, காஷ்மீரில் சண்டை, வடக்கே அகதி முகாம்கள், நாடு முழுக்க ரேஷன். துண்டு விழுந்தது 26.24 கோடி.

இனிமேல்தான் விஷயமே. அன்றைக்கு அவர் புதிதாகப் போட்ட வரி ஒன்றே ஒன்று. எதன்மேல் என்று நினைக்கிறீர்கள்? வெளிநாட்டுக்குப் போகும் பருத்தித் துணி மேலும் நூல் மேலும்! அதனால் மிச்சமிருந்த நாலு மாதத்தில் 1.65 கோடி கூடுதலாக வரும் என்று கணக்கு. ஊரே ஆலைச் சங்குக்கு எழுந்து, சங்குக்குச் சாப்பிட்டு, சங்குக்குப் படுத்த காலம் அது. அந்த ஊரிலிருந்து போனவர், அவர் குடும்பமே வியாபாரத்தில் ஊறிய குடும்பம், டெல்லியில் போய் உட்கார்ந்து முதலில் கை வைத்த இடம் நூல். நான் கணக்கெழுதிய இடத்தில் இப்படி ஒருத்தர் செய்திருந்தால் மத்தியானம் கேன்டீனில் டீ கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

குறுக்குச்சால்:
வந்துட்டாருங்க ஊர்ப்பெருமை பேச. மறுபக்கத்தை நான் சொல்கிறேன். 1932ல் கனடாவில் ஒட்டாவா மாநாடு. வெள்ளைக்காரன் சாமானுக்கு இந்தியாவில் வரியைக் குறைக்க ஒப்புக்கொண்ட குழுவில் இவரும் ஒருத்தர். மறு வருஷம் சர் பட்டம். 1934 மத்திய சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றார். அப்போது அவர் அந்தச் சபைக்கே தலைவர். சபைத்தலைவரையே வீட்டுக்கு அனுப்பினார்கள் என்றால் மக்கள் அவரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று தெரிகிறதே. அதுபோக, இவர் படித்தது சட்டம். வக்கீலை எப்படிப் பொருளாதார வல்லுநர் என்பது?

ஈரோட்டு வாத்தியார்:
குறுக்குச்சால், நீங்கள் சொன்ன தகவல்கள் சரி. தீர்ப்புத்தான் அவசரம். முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் நடத்தியவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வக்கீல் விவகாரம். சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்து, அப்புறம் சட்டக் கல்லூரிக்குப் போனவர். அந்தத் தலைமுறையில் நிதி விஷயம் பேசியவர்களில் பலர் சட்டம் படித்தவர்கள்தான். பட்டத்தை விடுங்கள், ஆள் எந்த மேசையில் உட்கார்ந்து என்ன பேசினார் என்று பாருங்கள். 1917ல் கோவை நகரசபை. 1920ல் சென்னை சட்டமன்றம். அப்புறம் சுயராஜ்யக் கட்சியில் சேர்ந்து டெல்லி மத்திய சட்டசபை. அங்கிருந்து ஜெனீவாவில் தொழிலாளர் மாநாடு, ஒட்டாவா, 1938ல் சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்), 1944ல் பிரெட்டன் உட்ஸ். சாக்கடை வரியில் ஆரம்பித்து பன்னாட்டு நாணய நிதியம் வரைக்கும் போன மனுஷர்.

ஒட்டாவாவுக்கு வருகிறேன். 1929க்குப் பிறகு உலகம் முழுக்க மந்தம். பிரிட்டன் தன் பேரரசு நாடுகளுக்குள் மட்டும் ஒருவருக்கொருவர் வரிச்சலுகை என்று ஒரு வேலியைப் போட்டது. நம்முடைய தேயிலை, சணல், தோல், ஆளிவிதைக்கு அங்கே சலுகை. அவர்கள் சாமானுக்கு இங்கே சலுகை. சேராவிட்டால் என்ன ஆகும்? சிலோன் தேயிலை சலுகையோடு லண்டனில் இறங்கும், நீலகிரித் தேயிலை முழு வரியோடு இறங்கும். சேர்ந்தவர்கள் சொன்ன நியாயம் இதுதான். எதிர்த்தவர்களுக்கும் நியாயம் இருந்தது: அடிமை நாடு எஜமானனோடு உட்கார்ந்து பேசுவது பேரமே இல்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்வது. என்னைக் கேட்டால் எதிர்த்தவர்கள் பக்கம்தான் நிற்பேன். ஆனால் அதற்காக அவரை வெள்ளைக்காரனுக்குக் குடை பிடித்தவர் என்று முடித்துவிட முடியாது. ஏனென்றால் பன்னிரண்டு வருஷம் கழித்து அதே ஆள் இன்னொரு மேசையில் அதே வெள்ளைக்காரனிடம் கடனைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பின்தேதி செக்:
யாருங்க வெள்ளைக்காரனுக்குக் கடன் கொடுத்தது? நாமளா?

ஈரோட்டு வாத்தியார்:
நாமேதான். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் இந்தியாவிலிருந்து துணி, தானியம், தளவாடம் எல்லாம் வாங்கியது. சிப்பாய்ச் சம்பளத்திலும் ஒரு பகுதி அதன் கணக்கில்தான். ரொக்கமாகக் கொடுக்கவில்லை. லண்டனில் இந்தியாவின் பேரில் பவுண்டில் வரவு எழுதி வைத்தது. அந்த வரவைக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டு அடித்தது. சரக்கு கப்பலில் போய்விட்டது, நோட்டு மட்டும் ஊருக்குள் சுற்றுகிறது. விலைவாசி ஏறாமல் என்ன செய்யும்? 1943 வங்கப் பஞ்சத்தின் காரணங்களில் இந்த விலையேற்றமும் ஒன்று. போர் முடிந்தபோது பிரிட்டன் நமக்குத் தர வேண்டியது 1,300 மில்லியன் பவுண்டு அளவில் நின்றது. இதைத்தான் ஸ்டெர்லிங் இருப்பு என்பார்கள்.

1944 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மலையில், பிரெட்டன் உட்ஸ் என்ற இடத்தில் ஒரு ஓட்டலில் 44 நாடுகள் கூடின. உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் பிறந்த இடம் அது. இந்தியக் குழுவுக்குத் தலைமை வைஸ்ராய் சபையின் ஆங்கிலேய நிதி உறுப்பினர். குழுவில் சி.டி. தேஷ்முக், ஏ.டி. ஷ்ராஃப், நம் செட்டியார். இந்தப் போர்க்கால இருப்பைப் பல நாட்டு நாணயமாக மாற்றிக்கொள்ள புது நிதியம் வழி செய்ய வேண்டும் என்று இந்தியர்கள் வாதாடினார்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் கையை விரித்துவிட்டன. பின்தங்கிய நாடுகளின் வளர்ச்சியையும் நிதியத்தின் நோக்கங்களில் எழுதுங்கள் என்றும் கேட்டார்கள். கேட்டபடி அதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தது நிதியத்தில் 400 மில்லியன் டாலர் பங்கு ஒதுக்கீடு. அப்புறம் ரஷ்யா சேராமல் போகவே, பெரிய ஐந்து நாடுகளில் ஒன்றாக நிதியத்தின் நிர்வாகக் குழுவில் இந்தியாவுக்கு ஓர் இடம். இத்தனைக்கும் நாம் அப்போது சுதந்திர நாடே இல்லை.

பின்தேதி செக்:
அடேங்கப்பா. அண்ணா, இது அப்படியே எங்க திருப்பூர்க் கதைங்க. சரக்கு கப்பல் ஏறிடும். பணம் தொண்ணூறு நாள் என்பான், அப்புறம் நூத்தியெண்பது என்பான், கடைசியில் தையல் சரியில்லை, சாயம் போகுது என்று பதினஞ்சு சதவீதம் கழிச்சுக்கிட்டு மீதியைத் தருவான். போன வருஷம் எனக்கு ஒரு வெளிநாட்டுக்காரன் இதையே பண்ணினான். சரி, லண்டன்காரன் கழிவு கேட்டானா?

ஈரோட்டு வாத்தியார்:
கேட்காமல் இருப்பானா! 1948 ஜூலையில் செட்டியார் நிதியமைச்சராக லண்டனுக்குப் போய் ஒப்பந்தம் போட்டு வந்தார். இங்கே விட்டுப்போன ராணுவத் தளவாடங்களுக்கு ஒரு விலை, நாட்டை விட்டுப் போன ஆங்கில அதிகாரிகளின் பென்ஷனுக்கு ஒரு தொகை. இரண்டையும் கழித்துக்கொண்டுதான் மீதிக்குத் தவணை பேசினார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கடன் தொகையிலேயே ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று போர் முடிந்ததிலிருந்தே பிரிட்டனில் பேச்சு இருந்தது. அதற்கு இந்தியா மசியவில்லை.

பின்தேதி செக்:
அப்போ தள்ளுபடி இல்லாமல் வாங்கினவர். என்னைவிடக் கெட்டிக்காரர்தான்.

லோடு எர்ணாகுளம்:
நான் படிச்சவன் இல்லைங்க, சங்ககிரிப் பக்கம் லாரி வெச்சிருக்கேன். ஒரு சந்தேகம். எர்ணாகுளத்தில் மெரின் டிரைவ் ஓரமா ஷண்முகம் ரோடுன்னு ஒண்ணு போகுது. பதினெட்டு வருஷமா அந்த வழியில் போய்வரேன். முருகன் பேருன்னு நினைச்சிருந்தேன். அது இவரா?

ஈரோட்டு வாத்தியார்:
இவரேதான் தம்பி! 1935லிருந்து 1941 வரை கொச்சி சமஸ்தானத்துக்குத் திவான். நம்மவர்கள் மறந்துபோன பகுதி இது, எனக்கு அவர் வாழ்க்கையிலேயே பிடித்த பகுதியும் இதுதான். உலக மேடையில் பேசுவது வேறு, ஒரு சின்ன ராஜ்யத்தின் கஜானாச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆறு வருஷம் ஓட்டுவது வேறு. பிரிஸ்டோ என்ற பொறியாளர் காயலைத் தோண்டி, தோண்டிய மண்ணாலேயே வில்லிங்டன் தீவை எழுப்பிய துறைமுகம், 1936ல் பெரிய துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டது இவர் திவானாக இருந்தபோது. 1938ல் கொச்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டசபைக்குப் பதில் சொல்லும் ஒரு மந்திரியை வைத்தார்கள். இந்திய சமஸ்தானங்களிலேயே அப்படிச் செய்ததில் கொச்சிதான் முந்தியது. அதுவும் இவர் காலம்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் பக்கத்து நூலும் துணியும் கடலுக்குப் போகிற கிட்டத்து வாசல் அந்தத் துறைமுகம்தான். நீங்கள் லோடு ஏற்றிக்கொண்டு போகும் வழி.

லோடு எர்ணாகுளம்:
அட சாமி. வர்ற வியாழக்கிழமை போறேன். போர்டை போட்டோ எடுத்துப் போடறேன் அப்புச்சி, பாப்பாவுக்குக் காட்டுங்க.

சென்னிமலைத் தறி:
கோன் கணக்கு அண்ணா எழுதின நூல் வரிக்கு வருகிறேன். ஊருக்குத் துரோகம் மாதிரி எழுதிவிட்டார். அது மில்காரர் பார்வை. எங்க தாத்தா கைத்தறி. அந்த நாளில் நூல் கன்ட்ரோலில் இருந்தது. ஒரு கட்டு நூலுக்குச் சங்கத்து வாசலில் விடியக்காலையிலிருந்து உட்கார்ந்திருப்பார்களாம். நூல் வரவில்லை என்றால் குழிக்குள் கால் தொங்கப்போட்டுச் சும்மா உட்கார வேண்டியதுதான், தறி ஓடாது. நூல் கப்பலேறினால் மில்லுக்கு லாபம், எங்களுக்குப் பட்டினி. நூலுக்கு ஏற்றுமதி வரி போட்டவரை எங்க தாத்தா திட்டியிருக்க மாட்டார்.

கோன் கணக்கு:
நியாயம் தம்பி, ஒப்புக்கொள்கிறேன். வெளியே விலை ஏறிக் கிடந்தது, உள்ளூரில் விலைக்குக் கட்டுப்பாடு. அந்த வித்தியாசம் முழுக்க ஏற்றுமதி செய்பவர் பைக்குப் போவானேன், கொஞ்சம் கஜானாவுக்கும் வரட்டும் என்பதுதான் கணக்கு. இதே சண்டை நான் வேலையில் இருந்தவரைக்கும் நடந்தது, இன்னும் நடக்கிறது. நூல் ஏற்றுமதியை நிறுத்துங்கள் என்று பனியன்காரர்கள் கடையடைப்பார்கள். நிறுத்தினால் நாங்கள் சாவோம் என்று மில்காரர்கள் மனு கொடுப்பார்கள். ஐம்பது கிலோமீட்டருக்குள் இரண்டு பேரும் சொந்தக்காரர்கள் வேறு, கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்காருவார்கள்.

கணியூர்க் காத்து:
பாகிஸ்தானுக்கு 55 கோடி கொடுத்த விவகாரத்தில் இவருக்கும் பங்கு உண்டுதானே?

ஈரோட்டு வாத்தியார்:
உண்டு. பிரிவினைக் கணக்கில் பாகிஸ்தானுக்குச் சேர வேண்டியது 75 கோடி. 20 கோடி முதலிலேயே போய்விட்டது. மீதி 55ஐ, காஷ்மீர்ச் சண்டை நடக்கும்போது கொடுத்தால் நம்மேலேயே குண்டாக வந்து விழும் என்று நிறுத்தி வைத்தார்கள். படேலும் செட்டியாரும் அதில் உறுதியாக நின்றார்கள். 1948 ஜனவரி 13ல் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். மதக்கலவரம் நிற்க வேண்டும் என்பதுதான் பிரதானம். ஆனாலும் பேசியபடி பணத்தைக் கொடுக்கவில்லையே என்ற வருத்தம் அவருக்கு இருந்தது எல்லாருக்கும் தெரியும். 15ஆம் தேதி மந்திரிசபை கொடுக்கச் சம்மதித்தது. நிறுத்தியதும் சரி, விடுவித்ததும் சரி, சபைக்கும் ஊருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது நிதியமைச்சர்தான்.

குறுக்குச்சால்:
எல்லாரும் ஒன்றைத் தாண்டிப் போகிறீர்களே. ஏன் ஒரு வருஷத்திலேயே பதவி போயிற்று? அதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். போர்க்காலத்தில் கொள்ளை லாபம் அடித்து வரி ஏய்த்தவர்களை விசாரிக்க 1947ல் சட்டம் போட்டு ஒரு விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். அதற்கு அனுப்பிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் காணாமல் போயின. சபையில் கேள்வி வந்தது. 1948 ஆகஸ்டில் ராஜினாமா. ஜான் மத்தாய் வந்தார். நூலுக்கு வரி போட்ட கை அதே வருஷம் பட்டியலில் கோடு போட்ட கை.

கோன் கணக்கு:
அவரே உட்கார்ந்து கோடு போட்டார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அமைச்சகத்தில் நடந்தது, பொறுப்பு அவர் தலையில் விழுந்தது, விலகினார். நேரு அவரை ஏன் எடுத்தார் என்று யோசியுங்கள். முதல் மந்திரிசபையில் காங்கிரசில் இல்லாத பெரிய தலைகள் அம்பேத்கர், சியாம பிரசாத் முகர்ஜி, இவர். நீதிக்கட்சிக்காரர் என்ற பழைய பேர் வேறு முதுகில் ஒட்டியிருக்கிறது. கட்சிக்குள் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாதவர் சறுக்கினால் யார் கை கொடுப்பார்கள்?

குறுக்குச்சால்:
ஊர்க்காரர் என்றால் கை தவறியது, வெளியூர்க்காரர் என்றால் கையாடல். அப்படித்தானே?

கோன் கணக்கு:
தம்பி, கையாடல் என்று யாரும் அன்றைக்கே சொல்லவில்லை. நீங்கள் சொல்லாதீர்கள்.

ஈரோட்டு வாத்தியார்:
இரண்டு பேரும் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். அப்புச்சி, பேத்தியிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: பெயர்கள் நீக்கப்பட்டன, கேள்வி வந்தது, அமைச்சர் விலகினார். அதற்குமேல் பெயர் சூட்டுவது கேட்பவர்கள் பாடு. அந்த ஒரு வருஷத்துக்குள் அவர் அமைச்சகம் செய்த மற்ற காரியங்களையும் சேர்த்துச் சொல்லட்டும். ரிசர்வ் வங்கியை அரசுடைமை ஆக்கும் முடிவு அவர் காலத்தில் அறிவிக்கப்பட்டது. ஆலைகளுக்கு நீண்டகாலக் கடன் கொடுக்கும் தொழில் நிதிக் கழகம் 1948 ஜூலை 1ல் தொடங்கியதும் அவர் இருந்தபோதுதான். பாங்கிகள் குறுகிய காலக் கடன் மட்டும் கொடுத்துவந்த நாள் அது. மிஷின் வாங்கப் பத்து வருஷக் கடன் என்பது அன்றைக்குப் புது யோசனை.

புகார்க் காண்டம்:
இத்தனை ஆண்பிள்ளைகள் வரி, வட்டி, கடன் என்றே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதியவர் என்று ஒருவருக்கும் நினைவில்லையா? தமிழிசை இயக்கத்தில் முன்னால் நின்றவர். சபா மேடையில் தமிழ்ப் பாட்டைக் கடைசிக்குத் தள்ளிய காலத்தில், தமிழ்நாட்டில் தமிழில் பாடினால் என்ன என்று கேட்டவர்களில் ஒருவர். எங்கள் வீட்டில் அந்த உரையின் பழைய பிரதி ஒன்று இருக்கிறது. அட்டை போய்விட்டது, ராமபாணம் பாதியை அரித்துவிட்டது. திறந்தால் பென்சிலில் என் அம்மா போட்ட கோடுகள். கோவலன் பொருளை எல்லாம் தொலைத்துவிட்டு வந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் "கணக்குத் தெரியாதவன்" என்று அம்மா எழுதியிருக்கிறார். உரை எழுதியவர் நிதியமைச்சர் என்பது அம்மாவுக்குத் தெரிந்துதான் எழுதினாரா என்று நான் கேட்காமலே விட்டுவிட்டேன்.

பீளமேட்டு அப்புச்சி:
அம்மணி, இதைப் படித்ததும் பேத்தி சிரித்துவிட்டாள். இழை முழுக்க உட்கார்ந்து படித்தாள். நான் பிரெட்டன் உட்ஸில் ஆரம்பிக்கச் சொன்னேன். கேட்கவில்லை. நூல் வரியில் ஆரம்பித்து, சென்னிமலைத் தாத்தாவைக் கொண்டுவந்து, லண்டன் கடனுக்குத் திருப்பூர்க்காரர் சொன்ன தொண்ணூறு நாள் கதையைச் சொல்லி, ராஜினாமாவில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள். ஒட்டாவாவை எடுத்துவிட்டாள். "அதுக்கு மட்டும் தனியா அஞ்சு நிமிஷம் வேணும் அப்புச்சி" என்கிறாள். குறுக்குச்சால் கோபிக்க வேண்டாம்.

குறுக்குச்சால்:
ராஜினாமாவை விடாமல் வைத்ததே போதுங்க. பாப்பாவுக்கு வாழ்த்து.

பீளமேட்டு அப்புச்சி:
போட்டி இன்றைக்கு முடிந்தது. இரண்டாம் பரிசு. முதல் பரிசு மன்மோகன் சிங்குக்கு. நடுவராக வந்த அம்மா மேடையை விட்டு இறங்கும்போது, "நான் ரேஸ்கோர்ஸில் பிறந்து வளர்ந்தவள், இவரைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை" என்றார்களாம். பேத்தி, "நானும் போன மாசம் வரைக்கும் கேள்விப்படலைங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

லோடு எர்ணாகுளம்:
அப்புச்சி, மன்னிச்சுக்கங்க. போட்டோ எடுத்தேன், ஆனா எடுக்கிற நேரம் பார்த்து ஒரு டவுன் பஸ் குறுக்கே வந்து "ஷண்" மட்டும்தான் விழுந்திருக்கு. வண்டியை நிறுத்த விடாமல் போலீஸ்காரர் விசிலடிச்சிட்டார். திங்கட்கிழமை மறுபடி லோடு இருக்கு. கிளீனர் தம்பியை முன்னாடியே இறக்கி விட்டு எடுக்கச் சொல்றேன்.